மேகத்திற்குள் ஒரு படிக்கட்டு

பள்ளி விட்டு வந்த பிள்ளை கணினியின் முன் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே பலர் உண்டு. அருகில் போய்ப் பார்த்தால் திரையில் ஒரு விமானம் பறந்துகொண்டிருக்கும். இதைச் சிமுலேட்டர் என்பார்கள். பாவனை விமானம் என்று நாம் சொல்லலாம். சில பிள்ளைகள் அந்த விமானத்தைக்கூட ஓட்டுவதில்லை. எண்களும் எழுத்துகளும் நிறைந்த நீண்ட பட்டியல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதுகிறார்கள். கேட்டால், "விமானம் இறங்கும் வழியைத் திருத்துகிறேன்" என்கிறார்கள்.

ஆகாயத்தில் ஏது வழி? அதை எப்படி எண்களில் எழுதுகிறார்கள்? ஓர் எண் மாறினால் என்ன ஆகும்? இவற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இதைத் தோட்டத்து மக்களாகிய நாம் தெரிந்துகொள்வதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி மாலை, தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. வானிலை மோசமாக இருந்தது. ஓடுபாதைக்கு ஏறத்தாழ 4 மைல் முன்னால், எல்மினா ரப்பர்த் தோட்டத்தில் ஒரு குன்றின் சரிவில் அது மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதை கண்ணில் படும்வரை 750 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அந்த வழிக்குரிய விதி. விமானமோ சுமார் 300 அடி உயரத்தில் குன்றில் மோதியது. ஓடுபாதையைக் காணாமலே அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. அந்தத் தோட்டம் இருந்த இடம் இன்று குடியிருப்பு நகரமாகிவிட்டது. ஆனால் 750 என்ற எண் நமக்குச் சொல்லும் பாடம் மாறவில்லை.

நேயர்களே, பத்துமலைக்குப் போகாதவர்கள் நம்மில் யார்? அங்குள்ள 272 படிகளையும் நள்ளிரவில், விளக்கே இல்லாமல், இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். கண் உதவாது. எத்தனை படி இறங்கினோம், இன்னும் எத்தனை உண்டு என்ற கணக்கு ஒன்றே உதவும். மேகத்திற்குள் விமானம் இறங்குவதும் இப்படித்தான். இந்தக் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டுக்கு அப்ரோச் என்று பெயர். இறங்குவழி என்று நாம் அழைப்போம்.

இறங்குவழியில் முதலில் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயரும், பூமியில் ஓர் இடமும் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும் திசை எழுதப்பட்டிருக்கும். அந்தப் புள்ளியை எந்த உயரத்தில் கடக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். கடைசிச் சரிவு பெரும்பாலும் 3 பாகை இருக்கும். அதாவது, கடல் மைல் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 அடி இறங்க வேண்டும். நுணுக்கமாகச் சொன்னால் 318 அடி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்து எல்மினாவைப் பாருங்கள். ஓடுபாதைக்கு 4 மைல் முன்னால் விமானம் ஆயிரம் அடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

இந்த உயரங்களை யாரும் மனம்போல் எழுதுவதில்லை. வழியிலுள்ள குன்று, மரம், கோபுரம் எல்லாவற்றையும் அளந்து, அவற்றுக்கு மேல் இடைவெளி விட்டே எழுதுகிறார்கள். அனைத்துலக விதிப்படி, வழியின் தொடக்கத்தில் தடைகளுக்கு மேல் 300 மீட்டர் இடைவெளி வேண்டும். நடுப்பகுதியில் 150 மீட்டர். கடைசிப் பகுதியில், சரிவைக் காட்டும் மின்கருவி இல்லாத வழியானால், அந்த இடைவெளி 75 மீட்டர்தான். விமானம் ஓடுபாதையை நெருங்க நெருங்கப் பிழைக்கு இடம் குறைந்துகொண்டே போகிறது.

இனி, கணினியில் இது எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். ஆரின்க் 424 என்ற பெயரில் 1975இல் வெளிவந்த விதித்தொகுப்பு இதற்கு அடிப்படை. மெய்யான விமானங்களின் கணினிகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரும் இதைத் தழுவியே எழுதுகிறது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. சுபாங்கின் கோப்புக்கு டபிள்யூ, எம், எஸ், ஏ என்ற நான்கு எழுத்துகளே பெயர். உள்ளே ஒரு படிக்கு ஒரு வரி. வரிசை எண், புள்ளியின் பெயர், அது இருக்கும் வட்டாரத்தின் குறியீடு, போகும் விதம், திசை, தொலைவு, உயரம் ஆகியவை காற்புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். உயரத்தோடு கூட்டல் குறி இருந்தால் "இதற்குக் கீழே போகாதே" என்று பொருள். கழித்தல் குறி இருந்தால் "இதற்கு மேலே போகாதே" என்று பொருள். ஒரு சிறு கோடு தவறினால் கட்டளையே தலைகீழாகிவிடும்.

ஒருமுறை எழுதியதை மீண்டும் திருத்துவானேன் என்று நீங்கள் கேட்கலாம். உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய வானொலி வழிகாட்டி நிலையங்கள் மூடப்படுகின்றன. புதிய கட்டடங்கள் எழும்புகின்றன. பூமியின் காந்த வடக்கும் ஆண்டுக்காண்டு நகர்கிறது. 1998இல் செப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்தபோது, கோலாலம்பூருக்கு வரும் பெரிய விமானங்களின் வழிகளே மாறிப்போயின. ஆகவே, உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை, குறித்த நாளில், இந்தத் தரவுகள் புதுப்பிக்கப்படுகின்றன. சிமுலேட்டரோடு வந்த தரவு பழசாகிவிடும். பிள்ளைகள் உட்கார்ந்து திருத்துவது அதனால்தான்.

திருத்தும்போது நேரும் பிழைகளில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இடத்தைக் குறிப்பதில் வரும் பிழை. ஒரு பாகையை 60 பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். ஆங்கிலத்தில் மினிட் என்பார்கள். சுபாங் ஏறத்தாழ வடக்கே 3 பாகை 8 கலையில் இருக்கிறது. சில கோப்புகளில் இதைத் தசம எண்ணில் எழுத வேண்டும். அவசரக்காரன் 3.08 என்று எழுதிவிடுவான். அது தவறு. 8ஐ 60ஆல் வகுத்தால் 0.13 வரும், ஆகவே 3.13 என்று எழுத வேண்டும். இந்தச் சிறு தவறால் ஓடுபாதை தெற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். நான்காம் வகுப்பில் படித்த தசமக் கணக்குத்தான் இது.

இரண்டாவது, பெயரில் வரும் பிழை. தோட்டத்தில் மாரியம்மாள் என்ற பெயரில் மூவர் இருந்தால், செக்ரோலில் பெயரோடு எண்ணையும் சேர்த்தே கிராணியார் எழுதுவார். இல்லாவிட்டால் ஒருவர் கூலி மற்றவர் கணக்கில் ஏறிவிடும். ஆகாயத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் காலி நகரத்தை நோக்கி ஓர் அமெரிக்க விமானம் இரவில் இறங்கிக்கொண்டிருந்தது. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போக வேண்டும். காகித வரைபடத்தில் அதன் குறி ஆர் என்ற ஒற்றை எழுத்து. விமானி அதையே கணினியில் இட்டார். கணினியிலோ ரோசோ முழுப் பெயரில் பதிவாகியிருந்தது. ஆர் என்றதும் முதலில் வந்து நின்றது, நூறு மைலுக்கும் அப்பால் பொகோட்டா நகரின் அருகே இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் இடப்புறம் திரும்பியது. தவறை உணர்ந்து மீண்டும் வலப்புறம் திருப்பியபோது குறுக்கே மலை நின்றது. 163 பேரில் 159 பேர் உயிரிழந்தனர். புள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் வட்டாரக் குறியீட்டை விடாமல் எழுதச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது, உயரத்தில் வரும் பிழை. இதற்கு மீண்டும் சுபாங்குக்கே வருவோம். 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து வந்த பிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கும்படி உத்தரவு தரப்பட்டது. எண்களைத் தனித்தனியாக, "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும், "வரைக்கும்" என்ற பொருள் தரும் சொல்லுக்கும் ஓசை ஏறத்தாழ ஒன்றே. விமானிகள் அதை 400 அடி என்று கொண்டார்கள். "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பிச் சொன்னதையும் யாரும் மறுக்கவில்லை. பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வரும் மாண்டனர். எல்மினாவில் விழுந்த விமானம் வடக்கிலிருந்து வந்தது. இது தெற்கிலிருந்து வந்தது. இரண்டும் இறங்கவிருந்தது ஒரே ஓடுபாதையில். கோப்பில் 2400 என்பதில் முதல் எண்ணைத் தவறவிட்டாலும் மிஞ்சுவது இதே 400தான்.

ஆகவே, வீட்டில் திருத்தும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதன் படி ஒன்றை எடுத்து, எக்ஸ்-பிளேனில் கஸ்டம் டேட்டா என்ற கோப்புறையில் வைத்துத் திருத்துங்கள். சிமுலேட்டர் அதைத்தான் முதலில் படிக்கும். புதிய புள்ளி ஒன்றைச் சேர்த்தால், அதன் இடம் புள்ளிகளுக்குரிய கோப்பிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவின் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் வரைபடங்களை இணையத்தில் பார்க்கலாம். அவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சரிபார்ப்பது இன்னும் நல்லது. தம்பியோ தங்கையோ அதற்குப் போதும். பிறகு விமானத்தை அந்த வழியில் இறக்கிப் பாருங்கள். வீட்டில் திருத்திய தரவு சிமுலேட்டருக்கு மட்டுமே உரியது. மெய்யான விமானத்துக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது.

கடைசியாக ஒன்று. ஒவ்வோர் இறங்குவழியின் முடிவிலும், மேலே ஏறிப்போகும் வழியும் எழுதப்பட்டிருக்கும். குறித்த உயரம் வரை இறங்கியும் ஓடுபாதை தெரியாவிட்டால், எந்தத் திசையில், எந்த உயரத்துக்கு ஏறி, எங்கே காத்திருக்க வேண்டும் என்று அந்த வரிகள் சொல்லும். இறங்குவதிலேயே கண்ணாக இருக்கும் பிள்ளைகள் இந்த வரிகளைச் சரிபார்க்காமல் விட்டுவிடுவதுண்டு. எல்மினாவின் மேல் வந்த விமானத்துக்கும் 750 அடியில் அப்படி ஒரு வழி இருந்தது. திரும்ப ஏறியிருந்தால் சற்று நேரந்தான் பிந்தியிருக்கும்.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஏதாவது ஓர் உயரத்தைத் தொட்டுக்காட்டி, "இது எந்தக் குன்றுக்காக எழுதியது?" என்று கேளுங்கள். பதில் தெரிந்திருந்தால் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான் என்று மகிழுங்கள். தெரியாவிட்டால், இருவருமாகச் சேர்ந்து வரைபடத்தில் அந்தக் குன்றைத் தேடுங்கள்.