மரையாணி இணைப்புகளில் ஆணியின் நெகிழ்மை: வானூர்திக் கட்டமைப்புகளின் வரம்புறு கூறு மாதிரியாக்கம்

ஒரு வானூர்தியின் இறக்கையில் போல்ட் எனப்படும் மரையாணிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் ஆணியையும் அதன் துளை, தொடுகை, உராய்வு, முன்னிறுக்கம் ஆகியவற்றுடன் முப்பரிமாணத்தில் மாதிரியாக்கினால் கணக்கீடு கட்டுக்கடங்காமல் பெருகும். ஆகவே, ஃபைனைட் எலிமென்ட் எனப்படும் வரம்புறு கூறுப் பகுப்பாய்வில் தகடுகளை ஷெல் கூறுகளாகவும் ஆணியைச் சுருள்வில்லாகவும் சுருக்கிக் கொள்கின்றனர். அச்சுருள்வில்லுக்கு எவ்வளவு விறைப்பு அளிப்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எளிய வழி, இரு தகடுகளின் கணுக்களையும் முற்றிலும் விறைப்பாகப் பிணைத்துவிடுவது. இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காணலாம். 2 மி.மீ. தடிப்புள்ள இரு அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு, இழுவிசையின் திசையில் அமைந்த மூன்று டைட்டானிய மரையாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன என்க. ஆணியின் விட்டம் 5 மி.மீ.; ஆணிகளின் இடைவெளி, தகட்டின் அகலம் இரண்டும் 25 மி.மீ. யங் குணகம் அலுமினியத்திற்கு 72, டைட்டானியத்திற்கு 110 கிகாபாஸ்கல். இரு ஆணிகளுக்கு இடைப்பட்ட தகட்டின் நெகிழ்மையை ஆணியின் நெகிழ்மையால் வகுத்து, ஈவுடன் 1 கூட்டினால், கடை ஆணியின் சுமை நடு ஆணியின் சுமையைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். தகடுகளின் நீட்சிகளை ஒப்பிட்டு இதனை நிறுவலாம்.

விறைப்பான பிணைப்பில் ஆணியின் நெகிழ்மை சுழியாகும். எனவே கடை ஆணிகள் சுமையில் 50 விழுக்காடு வீதம் ஏற்க, நடு ஆணிக்கு ஒன்றும் மிஞ்சாது. இம்மாதிரியை நம்பினால் நடு ஆணியைக் கழற்றியே விடலாம்!

ஆணிகளுக்கிடையே சுமை பகிரப்படும் முறையை டேட், ரோசன்ஃபெல்ட் ஆகியோர் 1946இலேயே ஆராய்ந்தனர். ஹூத் 1986இல் வெளியிட்ட வாய்பாட்டை மேற்கண்ட இணைப்பிற்குப் பொருத்தினால், ஆணியின் விறைப்பு மி.மீ.க்கு ஏறத்தாழ 33,000 நியூட்டன் ஆகிறது. அப்போது சுமைப்பகிர்வு 35.6, 28.9, 35.6 விழுக்காடாக அமைகிறது.

கடை ஆணியின் சுமையை மிகையாக மதிப்பிடுவது பாதுகாப்பான பிழையே எனச் சிலர் வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. களைப்பு ஆயுள் சுமையின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொண்டால், 35.6 இருக்கவேண்டிய இடத்தில் 50 எனக் கொள்வது ஆயுளை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் காட்டும். அதனை ஈடுசெய்யத் தகட்டின் எடை கூடும். நடு ஆணியிலோ பிழை நேரெதிர்த் திசையில் உள்ளது.

ஹூத் வாய்பாட்டிலும் ஓர் எச்சரிக்கை தேவை. துளையின் விளிம்பு நசுங்குவதால் எழும் நெகிழ்மை அதில் ஏற்கெனவே அடங்கியுள்ளது. துளையையும் மாதிரியில் வரைந்து, வாய்பாட்டின் விறைப்பையும் அளித்தால் அதே நெகிழ்மை இருமுறை எண்ணப்படும். சுருள்வில்லை ஷெல்லின் ஒற்றைக் கணுவில் பொருத்தினாலும் இதுபோன்ற சிக்கல் எழும். வலையை நுண்ணிதாக்கும்தோறும் அக்கணுவின் பெயர்ச்சி கூடிக்கொண்டே செல்லும். முழு இறக்கையின் மாதிரியைத் தொடங்குமுன், இம்மூன்று ஆணி இணைப்பை முதலில் தண்டுக் கூறுகளால் கட்டி மேற்கண்ட விழுக்காடுகள் கிடைக்கின்றனவா எனச் சரிபார்த்து, பின்னர் ஷெல் கூறுகளுக்கு மாற்றி விடை எவ்வளவு நகர்கிறது எனக் காண்பது ஒரு மணி நேர வேலையே.