களத்து வெயிலில் ஒரு கையடக்கக் கணினி

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவருக்கு ஒரு நாளில் எழுதி வைக்க வேண்டியது நிறைய. எந்த வண்டியில் எத்தனை காய் இறங்கியது, உடைத்தவர்களுக்கு எவ்வளவு கூலி, யார் முன்பணம் வாங்கியிருக்கிறார், தேங்காய் பருப்பு இன்று கிலோ என்ன விலை, எண்ணெய் டின் என்ன விலை. இப்போது இதெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. ஆனால் அதற்கு முன், 1989 தொடங்கி ஏறக்குறைய பதினைந்து வருஷம், ஒரு முழுக் கணினியை உள்ளங்கைக்குள் அடக்க எத்தனையோ பேர் முட்டி மோதினார்கள். அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாக நம் ஊர்க் களத்து உச்சி வெயிலில் நிறுத்திப் பார்த்தால், எதை விட்டுக் கொடுத்து எதைப் பிடித்தார்கள் என்பது நன்றாகவே விளங்கும்.

முதலில் பேட்டரிக் கணக்கு. மற்ற எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை. சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி ஒன்று, நல்ல அல்கலைன் வகை என்றால், சுமார் 3 வாட்-மணி மின்சாரம் தரும். இரண்டு போட்டால் 6. ஒரு கருவி இந்த இரண்டை வைத்துக்கொண்டு 35 மணி நேரம் ஓட வேண்டுமென்றால், அது எந்நேரமும் கால் வாட்டுக்கும் குறைவாகவே குடிக்க வேண்டும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனின் 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரியில் கிட்டத்தட்ட 19 வாட்-மணி இருக்கிறது. அப்படியும் ராத்திரி சார்ஜில் போடாமல் தீராது. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கனத்துக்கு அவர்கள் கண்ட முதல் வழி, சும்மா இருக்கும்போது சுத்தமாகத் தூங்கிவிடுவது. 1989-இல் வந்த போக்கெட் பிசி என்ற அமெரிக்கக் கருவி, ஒரு எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் இருக்கும் இடைவெளியில்கூட தன் சிப்பின் ஓட்டத்தை நிறுத்திவிடும். இரண்டே பென்சில் பேட்டரி, முழு டாஸ் கணினி. விலைதான் 2,000 டாலர் பக்கம். அதே ஆண்டு வந்த அட்டாரி போர்ட்ஃபோலியோ விலையைக் குறைத்தது. பதிலுக்குத் திரையைக் கொடுத்தது. எட்டு வரி, வரிக்கு 40 எழுத்து. முன்பணக் கணக்கில் பத்துப் பேர் இருந்தால் இரண்டு பேர் திரைக்கு வெளியே நிற்பார்கள்.

களத்துக்காரருக்கு அன்று நான் வாங்கிக் கொடுத்திருக்கக்கூடிய கருவி என்றால் ஹெச்பி 200எல்எக்ஸ், 1994. எடை 300 கிராம் அளவு. உள்ளேயே லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் பதித்து வந்தது. கூலி, எடை, விலை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். அளவாகப் பயன்படுத்தினால் இரண்டு பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும். இவ்வளவும் முடிந்ததற்குக் காரணம், 8 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகம், கறுப்பு-வெள்ளைத் திரை, திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது என்ற மூன்று முடிவுகள். வெயிலில் நன்றாகத் தெரியும். இருட்டினால் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தைப் பற்றி அதைச் செய்தவர்கள் யோசித்ததே இல்லை.

வெயிலில் தெரிவது எப்படி? அந்தக் காலத்துத் திரைகள் தாமாக ஒளி விடுபவை அல்ல. மேலிருந்து விழும் வெளிச்சம் திரவப் படிகத்தைத் தாண்டிப் போய், அடியில் இருக்கும் பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பி வரும். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி மறிக்கப்படும். எனவே வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். வண்ணத் திரை என்று வந்தவுடன் கதை மாறுகிறது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வடிகட்டி. விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு தப்பினாலே அதிகம். மங்கலை ஈடுகட்டப் பின்னால் விளக்கு வேண்டும்; விளக்குக்குப் பெரிய பேட்டரி வேண்டும்; பேட்டரி பெருத்தால் எடை கூடும். ஒரு நூலை இழுத்தால் வேட்டி முழுக்கச் சுருங்குவது போலத்தான் இந்தச் சங்கதி.

அடுத்த தகராறு விரலோடு. இங்கிலாந்தின் சையான் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த சீரிஸ் 5, கையடக்கக் கருவிகளில் விசைப்பலகைக்கு முதலிடம் கொடுத்தது. மூடியைத் திறக்கும்போது விசைப்பலகை முன்னால் நழுவி வந்து, திரைக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். நிஜமாகவே பத்து விரலால் தட்டலாம். இரண்டு பென்சில் பேட்டரிதான், 18 மெகாஹெர்ட்ஸ் வேகம்தான். ஆனால் அந்த அழகான கீலுக்கு ஒரு விலை இருந்தது: திறந்து மூடித் திறந்து மூடி, திரைக்குப் போகும் பட்டைக் கேபிள் கொஞ்ச வருஷத்தில் அறுந்துபோகும். பழைய பொருள் சந்தையில் சீரிஸ் 5 கிடைத்தால் முதலில் திரையில் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

பாம் பைலட் (1996) நேர் எதிர்ப் பாதையில் போனது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்கும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்பு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். சட்டைப்பையில் அடங்காதது எதுவும் வேண்டாம் என்பதுதான் அவர் விதி. விசைப்பலகை போயிற்று, 160-க்கு 160 புள்ளித் திரை, பேனாக் குச்சியால் எழுத ‘கிராஃபிட்டி’ என்ற தனி எழுத்துமுறை. மூன்று ஆண்டு முன்பு ஆப்பிளின் நியூட்டன், மனிதனின் கையெழுத்தைக் கருவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பரிகாசத்துக்கு ஆளானது. பாம், மனிதனே கற்றுக்கொள்ளட்டும் என்றது. ஜெயித்தது பாம்தான். ஆனால் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு ஒவ்வொரு கோடு கற்பது ஒன்று, உயிர்மெய் கொம்பு துணைக்காலோடு தமிழுக்குக் கற்பது வேறொன்று. தோசிபா லிப்ரெட்டோ என்று ஒன்றும் 1996-இல் ஜப்பானில் வந்தது: 840 கிராமில் முழு விண்டோஸ் 95. எதையும் விடமாட்டேன் என்றவர்கள் பேட்டரி நேரத்தை விட்டார்கள். களத்துக்கு ஆகாது, விட்டுவிடலாம்.

இனி நம்மவர்களின் கதை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்து வினய் தேஷ்பாண்டே முதலானோரும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்ற கருவியை 2001 ஏப்ரலில் வெளிக் காட்டினார்கள். படிக்கத் தெரியாத கிராமத்தவரும் பயன்படுத்த வேண்டும். விலை 9,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டும். இவைதான் இலக்கு.

இதை ஒப்பிட வேண்டியது காம்பேக் நிறுவனம் 2000-இல் விட்ட ஐபேக்கோடு. இரண்டிலும் இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், இரண்டிலும் 206 மெகாஹெர்ட்ஸ், திரையிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளிகள். இதயம் ஒன்று, உடம்பு வேறு. ஐபேக்கில் வண்ணத் திரை, கழற்ற முடியாத பேட்டரி, மைக்ரோசாஃப்ட் மென்பொருள், விலை 499 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 22,000 ரூபாய்க்கு மேல். எழுதியதெல்லாம் தற்காலிக நினைவகத்தில் தங்கும். பேட்டரி முழுக்க வற்றினால் கணக்கும் போச்சு. சிம்ப்யூட்டரின் முதல் மாதிரியில் கறுப்பு-வெள்ளைத் திரை, லினக்ஸ், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம், டிவி ரிமோட்டில் போடுவது போன்ற சின்ன பேட்டரி மூன்று. மூன்றும் சேர்ந்து இரண்டரை வாட்-மணி தேறினால் பெரிது. அந்தச் சிப்புக்கு அது சில மணி நேரச் சாப்பாடு. ஆனால் கழற்றி மாற்றலாம். 2012-இல் கோவை, திருப்பூர்ப் பக்கம் மின்வெட்டில் வெந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எழுத்தறிவுச் சிக்கலுக்குப் படக்குறிகளும், இந்திய மொழி எழுத்தை வாசித்துக் காட்டும் பேச்சு மென்பொருளும் வைத்தார்கள். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது அதில் இருந்த ஸ்மார்ட் கார்டு துளை. 9,000 ரூபாய் ஒரு விவசாயக் கூலிக்குக் கட்டாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் கருவி ஊருக்கு ஒன்று, கார்டு ஆளுக்கு ஒன்று. கார்டைச் செருகினால் உங்கள் கணக்கு வரும். எடுத்தால் அடுத்தவர் முறை. மற்றவர்கள் திரையை, விசையை, வேகத்தை விட்டுக் கொடுத்தபோது இவர்கள் மட்டும்தான் ‘ஒருவருக்கு ஒன்று’ என்ற எண்ணத்தையே விட்டுக் கொடுத்தார்கள்.

பிகோபெட்டா என்ற நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து இதை 2004 மார்ச்சில் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்று கடைக்குக் கொண்டுவந்தன. கறுப்பு-வெள்ளை 9,950 ரூபாய், வண்ணத் திரை என்றால் இருமடங்கு. கருவியை லேசாக ஆட்டினால் பக்கம் திரும்பும் அசைவு உணரியும் அதில் இருந்தது. ஐபோனுக்கு மூன்று ஆண்டு முன்பு. 50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வாக்கில் விற்றது சுமார் 4,000.

தொழில்நுட்பத்தில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கையில் போனைக் கொடுத்தது. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது: தூசி புகாத விசைப்பலகை, தலையில் ஒரு டார்ச். ராத்திரியில் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவருக்கு அந்த டார்ச் ஒன்றே போதும். அது கணினியே அல்ல. ஆனால் பேசலாம், மார்க்கெட்டில் இருப்பவரிடம் விலை கேட்கலாம். சிம்ப்யூட்டர் பேச்சு மென்பொருளைச் சுமந்து வந்தது, பேசுவதற்கு வசதி இல்லாமல் வந்தது. பகிர்ந்துகொள் என்று சொன்ன இடத்தில், சொந்தமாக வைத்துக்கொள் என்று போன் சொன்னது.

ஆனாலும் கருவி ஊருக்கு, கார்டு ஆளுக்கு என்ற அந்த யோசனை வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. 2017-இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பழைய குடும்ப அட்டைக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு வந்தது. விற்பனையாளர் கையில் ஒரு பிஓஎஸ் கருவி, வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு கார்டு. 2020-இல் விரல் ரேகையும் சேர்ந்துகொண்டது. எல்லா வேலையும் செய்யும் கணினி அல்ல. அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் என்று ஒரே வேலை.

பேருந்து நடத்துநரிடம் இருக்கும் டிக்கெட் மெஷினும் அப்படித்தான். செல்போன்களெல்லாம் தொடுதிரைக்கு மாறியும், பல வண்டிகளில் அந்த மெஷின் இன்னும் அமுக்கும் விசைகளோடுதான் இருக்கிறது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் காலை நேரக் கூட்டத்தில், ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, விசை என்றால் பார்க்காமலே தடவி அமுக்கலாம். வெப்பத்தால் தாளைக் கறுக்கவைத்து அச்சடிப்பதால் மை வேண்டாம். அதற்கு மெஷினைச் செய்தவர்கள் விட்டுக் கொடுத்தது சீட்டின் ஆயுளை. காரின் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்தால் சீட்டு முழுக்கக் கறுத்துவிடும். திருப்பூரில் இறங்கும்வரை எழுத்து நின்றால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.