லொரெட்டோ சிற்றாலயம்

லொரெட்டோ சிற்றாலயம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில் அமைந்துள்ள முன்னாள் கத்தோலிக்கச் சிற்றாலயம் ஆகும். 1878இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடம், இதனுள் இருக்கும் மரச் சுழல் படிக்கட்டினாலேயே பெரிதும் அறியப்படுகிறது.

வரலாறு

மெக்சிகோவிடமிருந்து இப்பகுதி ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு வந்த சில ஆண்டுகளில், பிரான்சு நாட்டவரான ஆயர் லாமி இங்கு பொறுப்பேற்றார். அவரது அழைப்பின் பேரில் கென்டக்கியிலிருந்து புறப்பட்ட லொரெட்டோ சபை அருட்சகோதரிகள் 1852இல் சாண்டா ஃபேயை அடைந்தனர். தலைவியாக வந்தவர் வழியிலேயே வாந்திபேதியால் இறந்தார். மறு ஆண்டே அவர்கள் பெண்களுக்கான பள்ளியொன்றைத் தொடங்கினர். மண் வீடுகள் நிறைந்த வணிகப்பாதை ஊர் நகரமாக வளரத் தொடங்கிய காலம் அது. பள்ளிக்கான சிற்றாலயத்தின் கட்டுமானம் 1873இல் தொடங்கியது. பாரிசிலுள்ள செயிண்ட் சாப்பல் ஆலயத்தைப் பின்பற்றி கோதிக் பாணியில் இது எழுப்பப்பட்டது. வண்ணக் கண்ணாடிகள் பிரான்சிலிருந்து கப்பலிலும் பின்னர் மாட்டு வண்டிகளிலும் வந்து சேர்ந்தன. தொடர்வண்டி இந்நகரை எட்டியது 1880இல்தான்.

படிக்கட்டு

பாடகர் மாடத்துக்கு ஏறப் படிக்கட்டு இல்லாமல் இருந்ததாகவும், வழக்கமான படிக்கட்டு சிற்றாலயத்தின் இடத்தை அடைத்துவிடும் என்பதால் சகோதரிகள் புனித சூசையப்பரிடம் நவநாள் வேண்டுதல் செய்ததாகவும் மரபுக்கதை கூறுகிறது. ஒன்பதாம் நாள் கழுதையுடன் வந்த முதியவர் ஒருவர் படிக்கட்டைச் செய்து முடித்து, கூலி வாங்காமல் மறைந்துவிட்டாராம். அவரே சூசையப்பர் என்று நம்புவோர் பலர்.

இப்படிக்கட்டு சுமார் 20 அடி உயரமும் 33 படிகளும் கொண்டது; இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி ஏறுகிறது. நடுவில் தூண் இல்லை. எனினும் இது இயற்பியலை மீறியது அன்று. படிகளைத் தாங்கும் இரு வளைந்த பக்கச் சட்டங்களுள் உட்புறச் சட்டம் மிகக் குறுகிய ஆரத்தில் சுழல்வதால், அதுவே ஏறக்குறைய ஒரு தூணைப் போல் செயல்படுகிறது. இவ்வடிவம் சுருள்வில் போலச் சற்று அசையும் தன்மையும் உடையது. வெளிச் சட்டம் மாடத்தைத் தாங்கும் தூண் ஒன்றுடன் இரும்புத் துண்டால் இணைக்கப்பட்டுள்ளது. கதையைச் சொல்வோர் இதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. கைப்பிடிகள் 1887இல் சேர்க்கப்பட்டவை.

வரலாற்றாய்வாளர் மேரி ஜீன் ஸ்ட்ரா குக், இதைச் செய்தவர் பிரான்சிலிருந்து குடியேறிய தச்சர் பிரான்சுவா-ழான் ரோஷா என்று கண்டறிந்தார். மரத்திற்காக ரோஷாவுக்கு 150 டாலர் கொடுக்கப்பட்டதாகச் சகோதரிகளின் 1881ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் பதிவு உள்ளது. பின்னாளில் தொலைவான மலைப்பகுதியில் தனியே வாழ்ந்த அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1895 சனவரியில் உள்ளூர் நாளிதழ் வெளியிட்ட இரங்கல் குறிப்பு, லொரெட்டோ படிக்கட்டைச் செய்தவர் என்றே அவரை நினைவுகூர்ந்தது. கதை பரவப் பரவ இப்பெயர் மறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின்னரே மீட்கப்பட்டது.

பிற்காலம்

பள்ளி 1968இல் மூடப்பட்டது. 1971இல் சிற்றாலயம் தனியாருக்கு விற்கப்பட்டு, வழிபாட்டுத் தலம் என்ற நிலையை இழந்தது. தற்போது கட்டணம் செலுத்திப் பார்க்கும் அருங்காட்சியகமாகவும் திருமணங்கள் நடைபெறும் இடமாகவும் உள்ளது. பார்வையாளர்கள் படிக்கட்டில் ஏற அனுமதிக்கப்படுவதில்லை.