ரெண்டு கேபிள் போட்டா ரெண்டு மடங்கு வேகம் வருமா?

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு லினக்ஸ் சர்வர். தினமும் ராத்திரி அதுலேர்ந்து நாலு ஸ்டோரேஜ் மெஷினுக்கு பேக்கப் போகும். இருந்தது ஒரே ஒரு 1 ஜிகாபிட் லிங்க். காலையில எல்லாரும் வேலைக்கு வந்த பிறகும் பேக்கப் ஓடிக்கிட்டே இருக்கும். எல்லாருக்கும் சர்வர் இழுக்கும். "இன்னொரு கேபிள் போட்டு பாண்டிங் பண்ணிடலாம் சார், பாதி நேரத்துல முடிஞ்சிடும்"னு மேனேஜர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். மறுநாள் காலையிலயும் அதே கதைதான். ஒரு போர்ட் நிரம்பி வழியுது, இன்னொண்ணு சும்மா கிடக்கு.

ஏன் அப்படி? பாண்டிங்னா ரெண்டு இன்டர்ஃபேஸைச் சேர்த்து ஒண்ணா காட்டுறது. ஆனா பாக்கெட்டுகளை மாத்தி மாத்தி ரெண்டு கேபிள்லயும் அனுப்பினா, முன்னாடி கிளம்பினது பின்னாடி போய்ச் சேரலாம். வரிசை ரொம்பக் கலைஞ்சா, பாக்கெட் தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சு டிசிபி வேகத்தைக் குறைச்சிடும். அதனால நான் வெச்சிருந்த எல்ஏசிபி மோடு, ஒரு கனெக்‌ஷனை ஒரே கேபிள்லதான் அனுப்பும். எந்த கேபிள்னு ஒரு ஹாஷ் கணக்கு முடிவு பண்ணும்.

ரேஷன் கடையில ரெண்டு கவுண்டர் இருக்குன்னு வெச்சுக்குவோம். வாசல்ல நிக்கிறவர் தெருப் பேரை மட்டும் பார்த்து வரிசை பிரிக்கிறார். வந்தவங்க எல்லாரும் ஒரே தெருன்னா? ஒரு கவுண்டர்ல கூட்டம், இன்னொண்ணு காலி.

எனக்கு நடந்தது அதுதான். லினக்ஸ் பாண்டிங்ல டீஃபால்ட் ஹாஷ் பாலிசி 'லேயர் 2'. அது மேக் அட்ரஸைத்தான் பார்க்கும். என் நாலு ஸ்டோரேஜ் மெஷினும் வேற சப்நெட்ல, ரவுட்டருக்கு அந்தப் பக்கம். அப்போ சர்வர் அனுப்புற எல்லா பாக்கெட்லயும் போற இடமா இருக்கிறது ரவுட்டரோட மேக் அட்ரஸ் மட்டும்தான்.

பாலிசியை 'லேயர் 3+4'ன்னு மாத்தினேன். இப்போ ஐபி அட்ரஸையும் போர்ட் நம்பரையும் சேர்த்துப் பார்க்கும். அதாவது தெருவோட வீட்டு நம்பரும். ரெண்டு கேபிளும் வேலை செய்ய ஆரம்பிச்சது. ஆனா சரிபாதியா இல்ல. ஒண்ணுல மூணு கனெக்‌ஷன், இன்னொண்ணுல ஒண்ணு. ஹாஷ் எந்தப் பக்கம் கூட்டம்னு பார்க்காது. கனெக்‌ஷன் எண்ணிக்கை கூடக்கூடத்தான் சமமா பிரியும்.

இன்னும் ரெண்டு விஷயம். ஒரே ஒரு பெரிய ஃபைலை ஒரே கனெக்‌ஷன்ல காப்பி பண்ணினா, எத்தனை கேபிள் போட்டாலும் 1 ஜிகாபிட்தான். அதாவது செகண்டுக்கு அதிகபட்சம் 125 மெகாபைட். அடுத்து, உள்ளே வர்ற டிராஃபிக்கைப் பிரிக்கிறது சர்வர் இல்ல, சுவிட்ச். அதோட ஹாஷ் செட்டிங்கைத் தனியா பார்க்கணும்.

அதனால யாராவது வேகம் பத்தலன்னு சொன்னா, கேபிளைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: ஓடுறது ஒரு கனெக்‌ஷனா, பலதா? அதுக்கு அப்புறம் வாக்குக் கொடுங்க.