மடையானும் புகைப்படப் பெட்டியும்

புணே நகரின் நடுவே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் வேதாள் டேக்டியின் மீது, விடியற்காலையில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கிடையே, கழுத்தில் நீண்ட லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு மரக்கிளைகளையே அண்ணாந்து பார்த்து நடக்கிறவர்களின் தொகை இப்போது கணிசமாகப் பெருகியிருக்கிறது. பனிக்காலத்தில் வலசை வரும் நீல ஈப்பிடிப்பானுக்காகவும், நீண்ட வெள்ளை வாலுடைய அரசவால் ஈப்பிடிப்பானுக்காகவும் மணிக்கணக்கில் தவங்கிடக்கும் இவர்கள், தங்கள் வீட்டு மதிலருகே வாலை நிமிர்த்திக் கத்தும் கதிர்க்குருவியையும், கால்வாய் ஓரத்தில் கூனிக்குறுகி நிற்கும் மடையானையும் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பதுதான் விசித்திரம்.

ஏனெனில், புணேயில் இருப்பவர்கள் பெருமை பாராட்டவேண்டிய பட்சிகள் உண்டென்றால் அவை இவைதாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, 1824-இல் பம்பாய் அரசாங்கத்தின் புள்ளிவிவர அதிகாரியாக நியமனம் பெற்ற வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்பவர், தக்காணத்தின் நிலத்தையும் ஜனத்தொகையையும் கணக்கெடுத்ததோடு நில்லாமல், அதன் பறவைகளையும் ஜாபிதாவாகத் தொகுத்து 1832-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் பிரசுரித்தார். மடையானுக்கும் சாம்பல் கதிர்க்குருவிக்கும் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது அந்த ஜாபிதாவிலேதான். அக்காலத்தில் ஒரு பறவையை வர்ணிக்கவேண்டுமானால் முதலில் அதைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பாடம் செய்யவேண்டும். அதைத் தவிர வேறு மார்க்கம் அவர்களுக்கு இல்லை.

துப்பாக்கி செய்த காரியத்தை இன்று புகைப்படப் பெட்டி செய்கிறது. ஆனால் பெட்டிக்கும் சில பௌதிக நிர்ப்பந்தங்கள் உண்டு. செம்பருத்திப் பூவின் முன்னே சிறகடித்து அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டின் இறகு தெளிவாக விழவேண்டுமானால், ஒளி உட்புகும் அவகாசம் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அத்தனை சொற்ப நேரத்தில் போதிய ஒளி கிடைப்பதற்கு வெயில் வேண்டும், அல்லது அகன்ற லென்ஸ் வேண்டும். சிறு ஜந்துக்களை எடுக்கும்போதோ சங்கடம் வேறு விதமானது. ஒரு பூச்சியை அதன் சொந்த அளவிலேயே பதிவு செய்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும், ஒளி குறையும். ஆகவேதான் கொல்லைப்புறத்துப் பூச்சிகளை எடுக்கிறவர்கள் பட்டப்பகலிலும் ஃபிளாஷைக் கைவிடுவதில்லை.

இந்தப் பிரயாசைக்கு ஏற்ற பலனும் உண்டு. தோட்டத்துச் சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தியின் முன்னிரு பெருங்கண்களை எடுத்துப் பாருங்கள்: ஒரு படத்தில் கரியனவாகவும், மறு படத்தில் தேன் நிறமாகவும் அவை தோன்றும். அதன் லென்ஸ் அசையாது. உள்ளே நீண்ட குழாயின் கோடியில் இருக்கும் விழித்திரையைத் தசைகள் அப்படியும் இப்படியும் திருப்புவதால், நம் பக்கம் திரும்பிய கண் கறுத்தும், விலகிய கண் வெளுத்தும் தெரிகிறது. புணேயைச் சூழ்ந்த வறண்ட புல்வெளிகளிலோ, கோடைகாலத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று தொண்டையிலிருந்து வண்ணத் தோலை விசிறிபோல் விரித்து மூடும் விசிறித்தொண்டை ஓணானைக் காணலாம். மேற்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் இவ்வகை ஓணான்களை விஞ்ஞானிகள் நுணுகி ஆராய்ந்து, 2016-இல் சரடா என்ற தனிப் பேரினத்தையே வகுத்தார்கள். 'சரடா' என்பது ஓணானுக்கு மராத்தியர் வழங்கும் பெயர்தான்.

நம்மவர்களில் புகைப்படக் கலையை இயற்கை ஆராய்ச்சியோடு இணைத்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், பல உறுப்புகளைத் தாமே கூட்டிப் பொருத்திய ஒரு பெட்டியுடன், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் பிறவற்றையும் எடுத்தார். வர்ணமில்லாமையால் அவற்றின் சாட்சிய மதிப்பு சற்றும் குறைந்துவிடவில்லை.

சாட்சியம் என்று சொன்னது காரணத்தோடுதான். 2008-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவேடுகளில் ஒரு படம் ஆராய்ச்சிக்கு உகந்ததாகக் கருதப்படவேண்டுமானால், அழகு வேண்டியதில்லை. தேதியும் இடமும் வேண்டும், இனத்தை அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கொள்ளவேண்டும். அருகிவரும் பிராணியானால் இடத்தை அப்பதிவேடு தானே மறைத்துக் காட்டும். திருடர் வழி தெரிந்துகொள்ளலாகாது என்பதே அதன் நோக்கம். இவ்வளவு முன்ஜாக்கிரதை இருந்தும், வேட்டைக்காரனின் ஆசை துப்பாக்கியோடு ஒழியாமல் பெட்டிக்குக் குடிமாறி வந்துவிட்டது: பதிவு செய்த கூவலை ஒலிக்கவிட்டு ஆண் பறவையைப் பகைவன் வந்ததாக ஏமாற்றி வெளியே இழுப்பதும், கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிந்து குஞ்சுகளைக் காக்கைக்கும் வெயிலுக்கும் காட்டிக்கொடுப்பதும் ஒரு படத்துக்காக நடக்கின்றன. அதைக் கலை என்று நான் ஒப்பமாட்டேன்.

மடையானோ இத்தகைய உபத்திரவம் எதுவும் தராமல் நின்றபடி நிற்கும். மற்றக் காலத்தில் சேற்று நிறமாக இருக்கும் அதன் முதுகு, மழைக்காலத்தை ஒட்டிய இனப்பெருக்கப் பருவத்தில் செங்கபில நிறமடைகிறது. தலையில் நீண்ட இறகுகள் தொங்குகின்றன. புணே வழியே ஓடும் முட்டா நதிக்கரையில் ஆண்டுதோறும் அந்த நிறமாற்றத்தை யாராவது தேதியோடு எடுத்துவந்தால், மழை முந்திய ஆண்டிலும் பிந்திய ஆண்டிலும் அது எந்த வாரத்தில் தொடங்கியது என்பதை, சைக்ஸ் துரையின் தோல்கள் சொல்லாத அளவுக்கு, அப்படங்கள் சொல்லிவிடும்.