மெனியா? மச்சா? ஒரு 'எ' படுத்திய பாடு!



இங்கிலீஷ் கிராமர்னாலே நம்மில் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிடுவோம். இது சுவர்ப் பத்திரிகை, திருப்ப முடியாது! அதனால் நின்னு படிச்சிட்டுப் போங்க.

போன மாதம் இங்கிலீஷ் வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னாங்க. தலைப்பு, "தண்ணீர்க் குறைபாடு பற்றித் தலைமையாசிரியருக்குக் கடிதம்". நம் பெண்கள் கழிவறைத் தொட்டியில் மதியத்துக்கு மேல் தண்ணீர் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே எழுதினேன். "தேர் இஸ் எ லிட்டில் வாட்டர் இன் தி டேங்க்" என்று எழுதி, பெருமையாக நோட்டை நீட்டினேன்.

டீச்சர் படிச்சுப் பார்த்துச் சிரிச்சாங்க. "ஏம்மா, தண்ணி கொஞ்சம் இருக்குன்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் எதுக்குக் கடிதம்?" என்றார்கள். வகுப்பே சிரிச்சது. அதற்கு முந்தின வாரம்தான் 'எ' போடாமல் விட்டதற்கு எனக்கு ஒரு மார்க் போச்சு. அந்தப் பயத்தில், தேவையில்லாத இடத்திலும் 'எ' போட்டுவிட்டேன். அந்த ஓர் எழுத்து, என் குறையையே தலைகீழாக மாற்றிவிட்டது.

மெனி, மச், ஃபியூ, லிட்டில், சம், எனி போன்ற சொற்களுக்கு அளவுச் சொற்கள் என்று பெயர். இங்கிலீஷில் குவான்டிஃபையர்ஸ். அன்றைக்கு டீச்சர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. மெனி, மச்

இதற்குச் சுலபமான வழி நம் தமிழிலேயே இருக்கு. முதலில் தமிழில் கேள்வி கேட்டுப் பாருங்க. 'எத்தனை' என்று வந்தால் மெனி. 'எவ்வளவு' என்று வந்தால் மச்.

எத்தனை பென்சில்? ஹவ் மெனி பென்சில்ஸ்?
எவ்வளவு பால்? ஹவ் மச் மில்க்?

எண்ணக்கூடியதற்கு மெனி. அதன் பின்னால் வரும் சொல் பன்மையில் வரும். எண்ண முடியாததற்கு மச். அதன் பின்னால் வரும் சொல் ஒருமையில்தான் வரும்.

'டைம்' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். எவ்வளவு நேரம் என்றால் 'ஹவ் மச் டைம்'. எத்தனை தடவை என்றால் 'ஹவ் மெனி டைம்ஸ்'.

என் தோழிக்கு ஒரு சந்தேகம். "பணத்தை எண்ணலாமே, அப்புறம் ஏன் ஹவ் மச் மணி?" என்று கேட்டாள். நாம் எண்ணுவது பணத்தை அல்ல, ரூபாயை. ஒரு பணம், இரண்டு பணம் என்று இப்போது யாரும் சொல்வதில்லையே! அதனால் 'ஹவ் மச் மணி', ஆனால் 'ஹவ் மெனி ருப்பீஸ்'. இதே மாதிரி, பாலை எண்ண முடியாது, லிட்டரை எண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை. பேசும்போது நாம் "எம்புட்டுப் பேரு வந்தாங்க?" என்றும் கேட்போம், "எம்புட்டுத் தண்ணி?" என்றும் கேட்போம். அந்தப் பேச்சை நம்பினால் மாட்டிக்குவோம். 'எத்தனை பேர்' என்று புத்தகத் தமிழில் கேட்டுப் பார்க்கணும்.

இன்னொரு எச்சரிக்கை. சில சொற்கள் இந்த வழிக்கு அடங்காது. தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று பன்மை சொல்கிறோம். ஆனால் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் எல்லாம் இங்கிலீஷில் எண்ண முடியாதவை. இவற்றுக்கு 'ஸ்' சேர்க்கக் கூடாது, மெனி போடக் கூடாது. ஒன்று என்று சொல்லியே ஆகணும்னா 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சொல்லலாம். இவற்றை மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை.

'நிறைய' என்று சொல்ல 'எ லாட் ஆஃப்' இருக்கு. அது இரண்டு பக்கமும் சேரும். எ லாட் ஆஃப் புக்ஸ், எ லாட் ஆஃப் வாட்டர். இரண்டும் சரி.

2. நான் மாட்டிய இடம்

எண்ணக்கூடியதற்கு ஃபியூ. எண்ண முடியாததற்கு லிட்டில். முன்னால் 'எ' வருகிறதா இல்லையா என்பதில்தான் சூட்சுமம்.

எ லிட்டில் வாட்டர்: கொஞ்சம் தண்ணி இருக்கு. (சமாளிச்சுக்கலாம்)
லிட்டில் வாட்டர்: கொஞ்சம்தான் தண்ணி இருக்கு. (இல்லாத மாதிரிதான்)
எ ஃபியூ ஃபிரண்ட்ஸ்: சில நண்பர்கள் இருக்காங்க. (சந்தோஷம்)
ஃபியூ ஃபிரண்ட்ஸ்: நண்பர்கள் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை. (வருத்தம்)

பார்த்தீங்களா? 'எ' இருந்தால் 'இருக்கு' என்கிற பக்கம். 'எ' இல்லாவிட்டால் 'இல்லை' என்கிற பக்கம். தமிழில் 'தான்' சேர்த்தால் வருகிற குறை, இங்கிலீஷில் 'எ'வை எடுத்தால் வருகிறது.

3. சம், எனி

'இருக்கு' என்று சொல்லும் வாக்கியத்தில் பெரும்பாலும் சம் வரும். 'இல்லை' என்று சொல்லும்போதும், கேள்வி கேட்கும்போதும் பெரும்பாலும் எனி வரும். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் "டீ சாப்பிடுறீங்களா?" என்று உபசரிக்கும்போது, கேள்வியாக இருந்தாலும் சம்தான். "வுட் யூ லைக் சம் டீ?"

4. எவ்ரி, ஆல்

தமிழில் 'ஒவ்வொரு மாணவரும்' என்று ஒருமைதான் வரும். எவ்ரியும் அப்படியே. எவ்ரி ஸ்டூடண்ட் ஹேஸ். 'எல்லா மாணவர்களும்' என்றால் ஆல் ஸ்டூடண்ட்ஸ் ஹேவ்.

இப்போது உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை!

1. ஹவ் ------ மேங்கோஸ் டிட் யூ பை? (மெனி / மச்)
2. ஹவ் ------ சுகர் டு யூ வான்ட்? (மெனி / மச்)
3. ஐ ஹேவ் ------ டைம். ப்ளீஸ் சிட் அண்ட் டாக். (லிட்டில் / எ லிட்டில்)
4. ஷி இஸ் சேட். ஷி ஹேஸ் ------ ஃபிரண்ட்ஸ். (ஃபியூ / எ ஃபியூ)
5. தேர் இஸன்ட் ------ சாக் இன் தி கிளாஸ். (சம் / எனி)

விடைகள் இந்தத் தாளின் கடைசியில். முதலில் நீங்களே போட்டுப் பாருங்க!

சரி, என் கடிதம் என்ன ஆச்சு? 'எ'வை அடிச்சுட்டுத் திரும்ப எழுதினேன். "எழுதினது எழுதிட்டே, நெஜமாவே குடுத்துடலாம்" என்றார்கள் டீச்சர். நானும் வகுப்புத் தலைவியும் போய்க் கொடுத்தோம். தலைமையாசிரியர் சார் படிச்சுட்டு, "லிட்டிலுக்கு முன்னாடி 'எ' எங்கம்மா காணோம்?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிச்சு. இருந்தாலும், "எ போட்டா தண்ணி இருக்குன்னு அர்த்தம் சார். அங்க இல்ல சார்" என்று சொன்னேன். சார் எழுந்து நேராகத் தொட்டியைப் பார்க்கப் போனார். இப்போது மதியமும் ஒரு தடவை மோட்டார் போடுறாங்க.

தவறு இருந்தால் பொறுத்துக்கொண்டு, திருத்திச் சொல்லவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி

விடைகள்: 1. மெனி 2. மச் 3. எ லிட்டில் 4. ஃபியூ 5. எனி