கடைசிப் பாட்டு ஏன் பிசிறடிக்கிறது?

எல்.பி. இசைத்தட்டு ஒன்றின் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, முள்ளைத் தூக்கி அதே பக்கத்தின் கடைசிப் பாட்டில் வையுங்கள். பாடுபவரின் 'ச', 'ஷ' ஒலிகளை மட்டும் கவனியுங்கள். விளிம்பில் துல்லியமாக இருந்த அவை, லேபிளை நெருங்க நெருங்கச் சிதறிப் பிசிறடிக்கும். தட்டு தேய்ந்துவிட்டது என்றோ ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்றோ பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் உறை பிரிக்காத புதுத் தட்டிலும் இது நடக்கும். தட்டின் வடிவத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

கொலம்பியா நிறுவனம் 1948இல் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. 12 அங்குல அகலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான்; விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே வருகிறது. இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு பக்கத்தில் அதை நீட்டிவைத்தால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை. ஆனால் முள்ளுக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் மாறிக்கொண்டே போகிறது: விளிம்பில் வினாடிக்கு சுமார் 51 செ.மீ., லேபிளுக்கு அருகே சுமார் 21 செ.மீ. ஒரு வினாடி இசைக்கு அங்கே கிடைத்த இடத்தில் பாதிகூட இங்கே கிடைப்பதில்லை.

10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் அதன் ஒரு அலை 51 மைக்ரான் நீளம். உள்ளே 21 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். அந்த 21 மைக்ரானுக்குள் ஒரு மேடும் ஒரு பள்ளமும் அடங்கியாக வேண்டும். சாதாரண கூம்பு வடிவ வைர முள்ளின் நுனியோ 15 மைக்ரானுக்கும் மேற்பட்ட ஆரம் கொண்ட உருண்டை. அலை கூர்மையாக வளையும் இடத்தில் அது உள்ளே புக முடியாமல் மேலோட்டமாகத் தடவிச் செல்கிறது. அந்தத் தடவல்தான் நமக்குப் பிசிறாகக் கேட்கிறது. சத்தமான உச்ச ஒலிகளில் முள்ளின் நுனி தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கடைசிப் பாட்டு இவ்வளவு நன்றாகக் கேட்பதுகூட எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.

நுனியின் வடிவத்தை மாற்றினால் நிலைமை மாறும். நீள்வட்ட முள்ளின் பக்கவாட்டு ஆரம் பெரும்பாலும் 7, 8 மைக்ரான்தான். உருண்டை முள் நுழையாத வளைவுக்குள் அது நுழையும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் நான்கு ஒலிவழிகள் கொண்ட தட்டுகளை உருவாக்கியது. அவற்றின் பள்ளங்களில் 30,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட, காதுக்கே எட்டாத ஓர் அலை பொறிக்கப்பட்டிருந்தது. அதைப் படிப்பதற்கென்று நோரியோ ஷிபாதா செதுக்கிய முள் வடிவம் இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. அந்த நான்கு வழித் தட்டுகள் நிலைக்கவில்லை, முள் நிலைத்துவிட்டது. ஆகவே செலவு செய்வதாக இருந்தால் கேபிள்களை மறந்துவிடுங்கள். முதல் பணம் முள்ளுக்குப் போகட்டும்.

அதற்கும் முன்னால், காசே செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. ஆலையில் பள்ளத்தை வெட்டும் கருவி ஆரத்தின் வழியே நேர்க்கோட்டில் நகர்கிறது. வீட்டில் முள்ளைத் தாங்கும் கையோ ஒரு முனையில் பொருத்தப்பட்டு, வில்லாக வளைந்து உள்ளே வருகிறது. அதனால் பெரும்பாலான இடங்களில் முள் பள்ளத்துக்குச் சற்றே கோணலாகத்தான் நிற்கும். இந்தக் கோணலை எப்படிக் குறைப்பது என்ற கணக்கை ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்கிரென் 1938இலேயே போட்டுவிட்டார். எல்.பி. பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு! கையைச் சற்று நீளமாக்கி, அதன் நுனியில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை உட்பக்கமாகத் திருப்பிவைத்தால், இரண்டே இடங்களில் கோணல் முற்றிலும் மறையும். மற்ற இடங்களில் மிகக் குறைவாக இருக்கும். இன்றைய எல்.பி.க்கு அதிகம் பயன்படும் கணக்கில் அந்த இடங்கள் மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. இதற்கான அளவுத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சிட்டதும் ஸ்கேலை வைத்து அளவு சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, இரு புள்ளிகளிலும் அது கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை நகர்த்துங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் கடைசிப் பாட்டில் அதன் பலன் உடனே கேட்கும்.

அடுத்தது எடை. முள்ளை எவ்வளவு லேசாக வைக்கிறோமோ அவ்வளவு தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. லேசான முள் சத்தமான இடங்களில் சுவரைவிட்டு எகிறி மறுபடி மோதும். அந்த மோதல் பள்ளத்தில் நிரந்தரக் காயமாகிறது. தயாரிப்பாளர் 1.5 முதல் 2 கிராம் வரை என்றால் 1.8 அல்லது 2 வையுங்கள். ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இதற்குப் போதும். கார்ட்ரிட்ஜைத் திருப்பிவைத்ததன் பக்கவிளைவாக, உராய்வு கையை மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சமன்செய்யத்தான் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழ். பிசிறு வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் குமிழைச் சற்றுக் கூட்டுங்கள், இடதில் மட்டும் என்றால் குறையுங்கள்.

வலது இடது என்று பிரிவதே ஓர் அழகான ஏற்பாடு. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931இல் காப்புரிமை கோரிய யோசனை அது: பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் ஒலிவழி. இரண்டிலும் ஒரே ஒலி இருந்தால் முள் பக்கவாட்டில் அசையும்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலும் கீழுமாக அசைக்கும். பழைய மோனோ தட்டுகளில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஆக, மேலும் கீழுமாக வருவது தூசியும் கீறலும் மட்டுமே. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரைச்சலில் ஒரு பகுதி அப்படியே காணாமல் போகும்.

தட்டில் கீழ் ஒலிகளை அடக்கியும் மேல் ஒலிகளை உயர்த்தியும் பொறிப்பது 1954இலிருந்து பொது விதி. ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியை 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட சுமார் 9 மடங்கு பெரிதாக்கும். அறையின் அதிர்வும் அதே மடங்கில் பெரிதாகும். டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முள்ளில் சேரும் அழுக்கைப் பின்னாலிருந்து முன்னுக்கு, அதாவது தட்டு நகரும் திசையில் மட்டும் மென்மையாகத் துடையுங்கள். தட்டைக் கழுவ வாலைவடிநீரே நல்லது. தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு கையில் இருந்தால் ஆல்கஹால் கலந்த திரவம் ஆகவே ஆகாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். அதன் பள்ளமும் அகலம் என்பதால் எல்.பி. முள் அடிவரை இறங்கிக் குப்பையைத்தான் படிக்கும். தனி முள் வேண்டும்.

தட்டு வாங்கும்போது ஒரு பக்கம் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 25 நிமிடத்துக்கு மேல் திணித்த பக்கங்களில் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், பள்ளமும் லேபிள்வரை போயிருக்கும். ஒலிப்பதிவாளர்கள் அமைதியான பாட்டைப் பக்கக் கடைசியில் வைக்க விரும்பியதும் இதனால்தான். உங்களுக்குப் பிடித்த தொகுப்பு 12 அங்குலத்தில் 45 சுற்று வேகத்தில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். லேபிள் அருகேயும் பள்ளம் வினாடிக்கு 28 செ.மீ. ஓடும், அடிக்கடி எழுந்து தட்டைப் புரட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.